லினக்ஸ் போட அரை மணி நேரம் போதும், அதற்கப்புறம்தான் விஷயமே

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு சப்போர்ட் முடிந்ததிலிருந்து சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த லினக்ஸ் போடலாம்?" விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்தான் லினக்ஸ். விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இருக்க வேண்டும், இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். நம் வீடுகளில் கிடப்பது நாலாவது, ஐந்தாவது தலைமுறை ஐ3 லேப்டாப்கள். கீபோர்டு நன்றாக இருக்கிறது, ஸ்கிரீனில் ஒரு கீறல் இல்லை, பேட்டரி மட்டும் போயிருக்கும். பழைய இரும்புக்குப் போட யாருக்கும் மனசு வராது.

பல வருஷமாக இந்த வேலையைப் பொழுதுபோக்காகச் செய்து வருகிறேன். எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸின் பல வகைகளில் ஒன்று) இன்ஸ்டால் செய்யச் சுலபம் என்று கேட்டால், இன்றைக்கு அந்தக் கேள்விக்குப் பெரிய அர்த்தம் இல்லை என்பேன். மின்ட், உபுண்டு, ஃபெடோரா, ஜோரின் எதை எடுத்தாலும் மொழி, கீபோர்டு, டிஸ்க், பெயர், பாஸ்வேர்டு என்று நாலைந்து திரை, அப்புறம் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் வேலை முடிந்திருக்கும். வித்தியாசமெல்லாம் மெஷினைக் கொண்டுபோய்க் கொடுத்த மறுநாளிலிருந்து ஆரம்பிக்கிறது. வைஃபை வருகிறதா, பிரிண்டர் ஓடுகிறதா, தமிழில் அடிக்க முடிகிறதா, அப்டேட் வந்ததும் ஏதாவது படுத்துக்கொள்கிறதா என்பதை வைத்துத்தான் நான் டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுக்கிறேன்.

டிஸ்ட்ரோ பேச்சை எடுப்பதற்கு முன்பே ஒன்றைக் கேட்டுவிடுவேன்: "இந்த மெஷினில் தினமும் என்ன செய்வீர்கள்?" டேலி என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுவேன். விண்டோஸ் புரோகிராமை லினக்ஸில் ஓட்டுகிற வைனில் ஓட்டலாம், சிலர் ஓட்டுகிறார்கள், ஆனால் மார்ச் மாசக் கணக்கு முடிக்கிற நேரத்தில் அது நின்றால் யார் பதில் சொல்வது? டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டாங்கிள் வைத்துக் கையெழுத்துப் போடுகிற ஆடிட்டர் ஆபீஸ், பேஜ்மேக்கரையும் கோரல்டிராவையும் விடாத டிடிபி கடை, இவர்களுக்கும் லினக்ஸ் வேண்டாம் என்றே சொல்கிறேன். பிரவுசர், பிடிஎஃப், கடிதம் டைப் செய்வது, படம் பார்ப்பது, இவ்வளவுதான் வேலை என்றால் தாராளமாக மாறலாம், நிஜத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இவ்வளவுதான் வேலை.

அடுத்தது டவுன்லோடு. தினம் ஒன்றரை ஜிபி, ரெண்டு ஜிபி டேட்டா பேக்கில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம், யாரும் சொல்ல மாட்டார்கள். உபுண்டு 24.04-இன் ஐஎஸ்ஓ, அதாவது இன்ஸ்டால் ஃபைல், கிட்டத்தட்ட 6 ஜிபி. மின்ட் 3 ஜிபிக்குப் பக்கம். டெபியனின் நெட்-இன்ஸ்டால் ஃபைல் ஒரு ஜிபிகூட இல்லை, ஆனால் மீதியை இன்ஸ்டால் ஆகும்போது நெட்டிலிருந்து இழுத்துக்கொள்ளும். பிராட்பேண்ட் இருக்கிற வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே 32 ஜிபி பென்டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். வென்டாய் என்ற இலவச டூல் இருக்கிறது, அதை ஒரு தடவை பென்டிரைவில் ஏற்றிவிட்டால் அப்புறம் ஐஎஸ்ஓ ஃபைல்களைச் சும்மா காப்பி செய்தால் போதும், பூட் ஆகும்போது எது வேண்டும் என்று கேட்கும். ஒரே ஒரு டிஸ்ட்ரோதான், ஒரே தடவைதான் என்றால் விண்டோஸில் ரூஃபஸ் போதும்.

பென்டிரைவைச் சொருகி, மெஷின் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கிற பூட் மெனுவுக்குப் போவதில்தான் புதிதாகச் செய்பவர்கள் பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். ஆன் செய்ததும் அழுத்த வேண்டிய கீ லெனோவோ, டெல் என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஆசுஸ் என்றால் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் பயாஸுக்குள் (மெஷினின் அடிப்படை செட்டிங்ஸ்) போய் எஃப்12 பூட் மெனுவை முதலில் ஆன் செய்ய வேண்டும். விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடுவதாக இருந்தால் விண்டோஸுக்குள்ளேயே முடிக்க வேண்டிய வேலை ரெண்டு இருக்கிறது. ஒன்று, ஃபாஸ்ட் ஸ்டார்ட்-அப்பை அணைப்பது, இல்லாவிட்டால் விண்டோஸ் முழுசாக ஷட்-டவுன் ஆகாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும், லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எதையும் எழுத முடியாது. இன்னொன்று, டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, அந்த 48 இலக்க ரெக்கவரி கீயைப் பேப்பரில் எழுதி வைத்துக்கொள்வது. பலருக்கு பிட்லாக்கர் இருப்பதே தெரியாது. பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு செட்டிங்கில் எதையாவது மாற்றியதும் நீலத் திரையில் அந்தக் கீயைக் கேட்கும்போதுதான் தெரியவரும்.

இன்ஸ்டாலருக்கு ஹார்டு டிஸ்கே தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பயாஸில் சேட்டா மோட் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று இருக்கும், அதை ஏஎச்சிஐ ஆக்கினால் தெரியும். விண்டோஸும் அதே டிஸ்கில் வேண்டும் என்றால் மட்டும் இதை அவசரமாக மாற்றாதீர்கள். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் பூட் ஆகும்படி வைத்துவிட்டு, அப்புறம் மாற்ற வேண்டும்.

இன்ஸ்டாலுக்கு நடுவில் ஒரு சின்ன விஷயம், கீபோர்டு. நம் ஊரில் விற்கிற கீபோர்டுகள் அமெரிக்க லேஅவுட். லிஸ்டில் யூகே இங்கிலீஷைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அட் குறியும் இரட்டை மேற்கோள் குறியும் இடம் மாறிவிடும். பாஸ்வேர்டில் அட் வைத்திருப்பவர், இன்ஸ்டால் முடிந்து லேஅவுட்டை மாற்றியதும் உள்ளே போக முடியாமல் முழிப்பார். டைம்சோன் வரைபடத்தில் சென்னையைத் தேடாதீர்கள், கொல்கத்தாதான் நமக்கும்.

சரி, ஆட்களுக்கு வருவோம்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். தலபுராணம், ஊர் வரலாறு என்று எழுதிக்கொண்டே இருப்பவர். எழுதிய எல்லாமே டெஸ்க்டாப்பில் இருக்கும், ஃபோல்டர் என்று ஒன்று இருப்பதை அவர் ஏற்றுக்கொள்வதில்லை. அவருக்கு நான் போட்டது லினக்ஸ் மின்ட், சினமன் டெஸ்க்டாப் (அதாவது திரை அமைப்பு). காரணம் அந்த டெஸ்க்டாப்தான். ஃபெடோரா வொர்க்ஸ்டேஷன் போல மாற்றமில்லாத நோம் என்ற திரை அமைப்பைக் கொடுத்தால் டெஸ்க்டாப்பில் ஃபைல் வைக்கவே முடியாது, ஜன்னலுக்கு மினிமைஸ் பட்டனும் இருக்காது, ரெண்டையும் தனியாக வரவழைக்க வேண்டும். நோம் அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை, ஆனால் எழுபது வயசுக்காரரிடம் "சார், மினிமைஸ் என்பதையே மறந்துவிடுங்கள்" என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மின்டில் இடது கீழ் மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம், மேலே மூன்று பட்டன். "இது பழசு மாதிரிதானே இருக்கு, என்ன மாத்துனே?" என்று கேட்டார். அதுதான் எனக்கு வேண்டிய பதில்.

அவருக்கு உயிர்நாடி தமிழ்99 என்ற தட்டச்சு முறை. விண்டோஸில் என்எச்எம் ரைட்டர் வைத்து அடித்துக்கொண்டிருந்தார். இங்கேதான் லினக்ஸ் பக்கம் வருகிற தமிழ்க்காரர்கள் பலர் தப்பான இடத்தில் போய் நிற்கிறார்கள். கீபோர்டு செட்டிங்ஸில் லேஅவுட் சேர்க்கப் போனால் தமிழ்நெட் 99 என்று ஒன்று இருக்கும். அதைச் சேர்த்தால் எழுத்து வரும், ஆனால் தமிழ்99-இன் உயிரே போயிருக்கும். 'அம்மா' என்று அடிக்கும்போது ம-வை இரண்டு தடவை தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழ வேண்டும் அல்லவா, அது விழாது, ஒவ்வொரு புள்ளியையும் தனியாக வைக்க வேண்டும். ஏனென்றால் அது ஒரு கீக்கு ஒரு எழுத்து என்ற வெறும் லேஅவுட், முன்னால் என்ன அடித்தீர்கள் என்று பார்க்கிற புத்தி அதற்குக் கிடையாது. நமக்கு வேண்டியது ஐபஸ் என்ற தட்டச்சு டூல் வழியாக வருகிற தமிழ்99. மின்டில் சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ், ஐபஸ்-எம்17என் ரெண்டையும் தேடிப் போட்டு, இன்புட் மெத்தட் என்ற செட்டிங்கில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒரு தடவை லாக்-அவுட் செய்து உள்ளே வந்து, ஐபஸ் பிரிஃபரன்ஸில் தமிழ் என்பதற்குக் கீழே தமிழ்99-ஐச் சேர்க்க வேண்டும். அந்த லாக்-அவுட்டை விட்டுவிட்டு "வேலை செய்யலை" என்று சொல்பவர்கள்தான் அதிகம். அதே பேக்கேஜில் ஃபோனெடிக், பழைய டைப்ரைட்டர் முறை எல்லாம் இருக்கிறது. உபுண்டுவிலும் இதே பேக்கேஜ்தான், இன்புட் சோர்ஸ் பட்டியலில் வந்துவிடும். ஃபெடோராவில் செட்டிங்ஸிலேயே சேர்த்துக்கொள்ளலாம், தமிழ் டைப்பிங்குக்கு எனக்கு அதிகம் வேலை வைக்காதது அதுதான்.

அவருடைய பழைய கட்டுரைகள் பாதி பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தன. யூனிகோடுக்கு மாற்றுகிற வரைக்கும் படிக்கவாவது வேண்டுமே. பழைய விண்டோஸிலிருந்து எழுத்துரு ஃபைல்களைக் காப்பி செய்து, டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் என்று கொடுத்ததும் லிப்ரே ஆபீஸில் எல்லாம் ஒழுங்காகத் திறந்தது. டிஸ்க்கை அழிக்கும் முன்னால் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்குமென்ட், போட்டோ எல்லாம் எல்லாரும் எடுத்து வைக்கிறார்கள், இதை விட்டுவிடுகிறார்கள்.

மின்டில் எனக்குப் பிடித்த இன்னொன்று டைம்ஷிஃப்ட். முதல் நாளே ஸ்னாப்ஷாட் எடுக்கும்படி வைத்துவிட்டு வருகிறேன். ஏதாவது அப்டேட் சொதப்பினால் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம், அவருடைய ஃபைல்களை அது தொடாது. உபுண்டு 24.04-ஐ வைத்துக் கட்டிய மின்ட் 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. அதுவரை பெரிய மாற்றம் எதுவும் கண்ணில் படாது என்பது இவரைப் போன்றவர்களுக்கு நிம்மதி.

அடுத்தது ஜெராக்ஸ் கடை அக்கா. இங்கேதான் இன்ஸ்டாலும் பயன்பாடும் எவ்வளவு வேறு வேறு என்பது எனக்கு உறைத்தது. கடையில் வேலை என்ன? வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் ஃபைல் அனுப்புவார், அக்கா வாட்ஸ்அப் வெப்பில் திறந்து பிரிண்ட் போடுவார். ஆதார் பிடிஎஃப் என்றால் பெயரின் முதல் நாலு எழுத்து, பிறந்த வருஷம் போட்டுத் திறப்பார். ஒரு நாளைக்கு நூறு தடவை இதேதான். பிரவுசரும் பிரிண்டரும் ஒழுங்காக இருந்தால் கடை ஓடும்.

பிரிண்டர் என்னவென்றால், நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் பத்துக்கு ஆறில் பார்க்கிற அந்தச் சின்ன லேசர் மாடல். அதற்குள் நிரந்தரமாக ஃபர்ம்வேர் (அதை இயக்குகிற உள் புரோகிராம்) கிடையாது, ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் ஃபர்ம்வேரை ஊட்ட வேண்டும். கரண்ட் போய் வந்தால் மறுபடி ஊட்ட வேண்டும். அந்தக் கம்பெனியின் லினக்ஸ் டிரைவர் எல்லா டிஸ்ட்ரோவிலும் இருக்கிறது, ஆனால் அதோடு ஒரு தனி பிளகினை டவுன்லோடு செய்து போட வேண்டும், டிரைவரின் வெர்ஷனும் பிளகினின் வெர்ஷனும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். இப்போது யோசித்துப் பாருங்கள். ஆர்ச் போலவோ ஃபெடோரா போலவோ வேகமாகப் புதுப்பிக்கிற டிஸ்ட்ரோவை இந்தக் கடையில் போட்டால், அப்டேட்டில் டிரைவர் ஒரு படி ஏறும், பிளகின் பழசாகவே நிற்கும், பிரிண்டர் விளக்கு மட்டும் மின்னிக்கொண்டிருக்கும், பேப்பர் வராது, வாசலில் ஸ்கூல் டிசிக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

அதனால் அக்காவுக்கு டெபியன், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். நான் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட டெபியன் இன்ஸ்டாலர்தான் கேள்வி அதிகம் கேட்பது. பார்ப்பதற்கும் பழைய காலத்து ஆள். ஒரு கேள்விக்கு மட்டும் முன்கூட்டியே பதில் தெரிந்திருக்க வேண்டும்: ரூட் (தலைமை நிர்வாகி) பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் எதையும் எழுதாமல் காலியாக விட்டு மேலே போங்கள். காலியாக விட்டால் நீங்கள் அடுத்து உருவாக்குகிற யூசருக்கே சூடோ உரிமை, அதாவது நிர்வாகி வேலைகளைச் செய்கிற உரிமை, கிடைக்கும். அங்கே ஒரு பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால் உங்கள் யூசர் சூடோ பட்டியலில் இருக்க மாட்டார், அப்புறம் சூடோ போடும்போதெல்லாம் உங்களுக்கு உரிமை இல்லை என்று மெஷின் முறைக்கும். வைஃபை ஃபர்ம்வேரைத் தனியாகத் தேடி அலைகிற பழைய தொல்லை 2023-இல் வந்த டெபியன் 12-இலிருந்து கிடையாது, இன்ஸ்டாலருக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தது. ஒரு ஸ்டேபிள் வெளியீட்டுக்குள் பேக்கேஜ் வெர்ஷன்கள் பெரும்பாலும் அசையாது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். அந்த பிரிண்டருக்கு இந்த அசையாத குணம்தான் தேவை. போடுவதற்கு எனக்கு எல்லாவற்றிலும் அதிக நேரம் பிடித்தது அந்தக் கடைதான், அங்கிருந்துதான் எனக்கு போனே வருவதில்லை.

ஒன்று மட்டும் அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை ஒரு ஷீட்டில் எட்டாக அடுக்கி, பின்னணியை நீலமாக்கி, முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுக்கிற வேலை. கிம்ப் என்ற போட்டோ டூலில் எல்லாம் செய்யலாம் என்று காட்டினேன். "தம்பி, நான் இதை ரெண்டு நிமிஷத்துல முடிச்சு இருபது ரூபா வாங்கிருவேன், நீ காட்டுறதைக் கத்துக்கிட்டு வர்றதுக்குள்ள ஆளு அடுத்த கடைக்குப் போயிருவான்" என்றார். நியாயம்தான். போட்டோ வேலைக்கு இன்டர்நெட் இணைக்காத பழைய விண்டோஸ் மெஷின் ஒன்று கடையின் பின்பக்கம் இருக்கிறது. எல்லா மெஷினிலும் லினக்ஸ் போட்டே தீருவேன் என்று நிற்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்ஜினியரிங் படிக்கிற சித்தி பையன் கதை வேறு. அவனுக்கு எதுவும் சுலபமாக இருக்கக் கூடாது. முதலில் ஃபெடோரா வைத்திருந்தான். ஃபெடோராவில் ஆறு மாதத்துக்கு ஒரு புது வெளியீடு, ஒவ்வொன்றுக்கும் 13 மாதம் போல சப்போர்ட், புது லேப்டாப்பின் ஹார்டுவேருக்கு நன்றாக ஒத்துழைக்கும். ஆனால் சில வீடியோக்களை ஓட்டத் தேவையான கோடெக்குகளும் என்விடியா கிராபிக்ஸ் டிரைவரும் காப்புரிமை, உரிமக் காரணங்களால் நேரடியாக வராது, ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற தனிக் களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும். இன்னொன்று, லினக்ஸின் மையமான கெர்னல் அப்டேட் ஆனதும் என்விடியா மாட்யூல் பின்னால் கம்பைல் ஆகிக்கொண்டிருக்கும், சில நிமிஷம் விட்டுவிட்டு ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும், உடனே கொடுத்தால் கறுப்புத் திரை. இப்போது ஆர்ச்சுக்குப் போய்விட்டான். 2021-இலிருந்து ஆர்ச் ஐஎஸ்ஓவிலேயே ஆர்ச்இன்ஸ்டால் என்ற வழிகாட்டி ஸ்கிரிப்ட் இருக்கிறது, அதனால் போடுவது முன்பு போல மலையேற்றம் இல்லை. ஆனால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன்னால் ஆர்ச் தளத்தின் செய்திப் பக்கத்தைப் பார்க்கிற பழக்கம் வேண்டும், ஒரு பேக்கேஜை மட்டும் தனியாக அப்டேட் செய்வது கூடாது. அவனுக்கு அதில் ஆசை இருக்கிறது, படிக்கிறான், கற்றுக்கொள்கிறான். அவன் அம்மாவின் லேப்டாப்பில் மட்டும் மின்ட் போட்டுக் கொடுத்திருக்கிறான், அந்த அளவுக்கு விவரமானவன்தான்.

உபுண்டுவைப் பற்றி ஏன் அதிகம் பேசவில்லை என்று கேட்கலாம். குறை ஒன்றும் பெரிதாக இல்லை, இணையத்தில் எந்தப் பிரச்சினைக்கும் பதில் தேடினால் முதலில் கிடைப்பது உபுண்டுவுக்குத்தான். ஆனால் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் அதில் ஸ்னாப் என்ற தனிப் பொட்டலமாக வருகிறது, எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிரைவ்) இல்லாத பழைய மெஷினில் முதல் தடவை திறக்கும்போது அந்தத் தாமதம் நன்றாகத் தெரியும். நான் தொடுகிற மெஷின்கள் பெரும்பாலும் அந்த வகை. ஜோரின் விண்டோஸ்காரர்களை வரவேற்பதற்கென்றே உட்கார்ந்திருக்கிறது, ஜோரின் 18-ஐ விண்டோஸ் 10 சப்போர்ட் முடிந்த அதே நாளில்தான் வெளியிட்டார்கள். அழகு முக்கியம் என்பவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை வைத்துக் கட்டியதுதான்.

டிஸ்ட்ரோவைவிட வேகத்தில் பெரிய மாற்றம் தருவது எஸ்எஸ்டி. ஹார்டு டிஸ்க்கோடு இருக்கிற மெஷினில் மின்டுக்குப் பதில் லேசான லுபுண்டு போட்டால் கொஞ்சம் வேகம் கூடும், எஸ்எஸ்டி மாற்றினால் வேறு மெஷினே ஆகிவிடும். 2 ஜிபி ரேம் என்றால் எவ்வளவு லேசான டெஸ்க்டாப் போட்டாலும் பிரவுசரில் நாலு டேப் திறந்ததும் மூச்சு வாங்கும், 4 ஜிபி ஆக்க முடியுமா என்று பாருங்கள். 32 பிட் ஆட்டம் நெட்புக் வைத்திருப்பவர்களுக்கு வழி குறைந்துகொண்டே வருகிறது, டெபியன் 13-இல் 32 பிட் இன்ஸ்டாலரே இல்லை. ஆன்டிஎக்ஸ் என்ற லேசான டிஸ்ட்ரோவை முயன்று பார்க்கலாம், பாட்டு கேட்க உதவும்.

எதைப் போட்டாலும் இன்ஸ்டால் பட்டனை அழுத்தும் முன்னால் லைவ் மோடிலேயே (இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டுவது) அரை மணி நேரம் புழங்கிப் பாருங்கள். வைஃபை, சவுண்ட், வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் பட்டன், மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா, ப்ளூடூத், வெப்கேம். வைஃபை வரவில்லை என்றால் போனை யூஎஸ்பி கேபிளில் சொருகி டெதரிங் ஆன் செய்யுங்கள், எல்லா டிஸ்ட்ரோவும் அதை உடனே நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும். அந்த நெட்டை வைத்தே இன்ஸ்டாலுக்கு அப்புறம், மின்ட் என்றால் டிரைவர் மேனேஜரில் வைஃபை டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

கடைசியாக, இன்ஸ்டாலர் நடுவில் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யட்டுமா (பாஸ்வேர்டு போட்டுப் பூட்டட்டுமா) என்று கேட்கும். வெளியே எடுத்துப் போகிற லேப்டாப் என்றால் கட்டாயம் ஆம் என்று கொடுங்கள். வீட்டை விட்டு நகராத, பெரியவர்கள் பயன்படுத்துகிற மெஷினில் நான் அதைப் போடுவதில்லை. சாதாரண லாகின் பாஸ்வேர்டை மறந்தால் பூட் மெனுவில் ரெக்கவரி மோடுக்குப் போய் ஐந்து நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்துவிடலாம், தமிழாசிரியருக்கு அப்படி மாற்றிக் கொடுத்தும் இருக்கிறேன். என்கிரிப்ஷன் பாஸ்வேர்டு போனால் அவருடைய ஊர் வரலாறு முழுக்கப் போனது போனதுதான், என்னாலும் முடியாது, வேறு யாராலும் முடியாது.